குழந்தைக்குச் சளி பிடித்தால் தாய்ப்பாலில் குறை என்று அர்த்தமா?

மூன்றரை மாதப் பெண் குழந்தையின் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு சிசேரியன் பிரசவம். பிறந்ததும் குழந்தை வேகமாக மூச்சு வாங்கியதால் இரண்டு நாள் தனியாக வைத்துக் கவனித்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் பால் பவுடர்தான். மூன்றாம் நாள் மார்பில் போட்டபோது “மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஏதோ கொஞ்சம் வந்தது, அப்புறம்தான் பால் வந்தது” என்கிறார். அன்றிலிருந்து தாய்ப்பால் மட்டுமே. போன வாரம் அவருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்து, மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். காய்ச்சலோடு பால் கொடுத்தால் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் பயந்ததால், இரண்டு நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுப் பவுடர் கொடுத்திருக்கிறார். அப்படியும் குழந்தைக்கு மூக்கடைப்பு, இருமல். “பீய்ச்சிய பாலைப் பாட்டிலில் பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருக்கிறது, நீலம் பாய்ந்திருக்கிறது. சீம்பாலையும் தவறவிட்டுவிட்டேன். என் பாலில் எதிர்ப்பு சக்தி இல்லை என்றுதானே அர்த்தம்? நோய் எதிர்ப்பு சக்திக்கு என்று டப்பாவில் போட்டிருக்கும் பவுடருக்கு மாறிவிடவா?” என்று கேட்கிறார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைதானே என்று கணவர் அடுத்த தவணைத் தடுப்பூசியைத் தள்ளிப் போட்டிருக்கிறார். இன்னும் ஐந்து வாரத்தில் இந்தத் தாய் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயங்கள் இரண்டு. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றே குழந்தையை மறுபடி மார்பில் போடுங்கள். தள்ளிப் போட்ட தடுப்பூசிக்கு இந்த வாரமே நாள் குறியுங்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீங்கள் தவறவிட்டதாக நினைக்கும் சீம்பால்

மூன்றாம் நாள் மஞ்சளாக, பிசுபிசுப்பாக வந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சீம்பால்! சீம்பால் முதல் இரண்டு நாளோடு மூடிவிடும் கடை இல்லை. பிரசவத்துக்குப் பிறகு சில நாட்கள் அது சுரக்கும். பிறகு இரண்டு வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக நிறமும் குணமும் மாறி முழுப் பாலாகும். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்குவது ஒரு நாள், இரண்டு நாள் தாமதமாவதும் உண்டு. ஆகவே உங்கள் குழந்தை முதல் இரண்டு நாள் சீம்பாலை இழந்தது உண்மை, முழுவதையும் இழக்கவில்லை.

அது கொஞ்சம்தான் வந்தது என்று வருந்த வேண்டாம். பிறந்த குழந்தையின் வயிறு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன், மிஞ்சிப்போனால் ஒன்றரை டீஸ்பூன்தான் கொள்ளும். அந்த ஒரு ஸ்பூனில்தான் எதிர்ப்பு அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பிந்தைய பாலில் அவற்றின் அடர்த்தி குறையும் என்பதும் சரிதான். ஆனால் குடிக்கும் அளவைப் பாருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் மூன்றரை மாதக் குழந்தை ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கிறது. அடர்த்தி குறைந்தாலும், நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் உள்ளே போகிற பாதுகாப்பு நிறையவே இருக்கிறது.

பால் எப்படிக் காக்கிறது?

‘எதிர்ப்பு சக்தி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. உங்களிடமிருந்து குழந்தைக்குப் பாதுகாப்பு இரண்டு வழியில் போகிறது.

முதல் வழி, கர்ப்பத்திலேயே நஞ்சுக்கொடி வழியாக நடந்து முடிந்துவிட்டது. ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம், முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், உங்கள் இரத்தத்திலிருந்து குழந்தையின் இரத்தத்துக்குப் போனது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சேமிப்பு குறைவாக இருப்பதும் இதனால்தான். இந்தப் புரதம் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய பாதியாகும். நான்கைந்து மாதத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். இதைத் தாய்ப்பால் நிரப்பித் தராது. இதை மட்டும் நினைவில் வையுங்கள். தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

இரண்டாவது வழிதான் பால். பாலில் அதிகம் இருப்பது ஐஜிஏ என்ற வேறொரு புரதம். பாலில் இருக்கும் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் இருப்பதிலிருந்து வேறானது என்று 1961-ல் ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் ஹான்சன் கண்டுகாட்டினார். மனிதக் குழந்தையின் இரத்தத்துக்குள் இது பெரும்பாலும் ஏறுவதில்லை. வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்சுவரில் பூச்சாகப் படிந்து, அங்கே வரும் கிருமிகளைப் பிடித்துக்கொள்கிறது. சுவரில் ஒட்ட முடியாத கிருமி மலத்தோடு வெளியே போய்விடும். குழந்தை இந்தப் புரதத்தைத் தானாகப் போதிய அளவு தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை உங்கள் பாலில் வருவதுதான் அதற்கு முக்கியமான கையிருப்பு.

எனக்கு இத்தனை வருடம் கழித்தும் வியப்பாக இருப்பது இனிச் சொல்லப்போவதுதான். உங்கள் குடலிலோ மூச்சுப்பாதையிலோ ஒரு கிருமி நுழைந்தால், அங்கே இருக்கும் காவல் செல்கள் அதை அடையாளம் கண்டுகொள்கின்றன. அவற்றில் ஒரு பகுதி இரத்தம் வழியாகப் பயணம் செய்து மார்பில் போய்க் குடியேறி, அதே கிருமிக்கு எதிரான ஐஜிஏவை அங்கே தயாரிக்கிறது. அது பாலில் இறங்குகிறது. நீங்களும் குழந்தையும் ஒரே அறையில் தூங்கி, ஒரே காற்றைச் சுவாசிக்கிறீர்கள். குழந்தையை முத்தமிட்டுக் கொஞ்சும்போது அதன் மேல் இருக்கும் கிருமி உங்களுக்கும் வருகிறது. ஆகவே உங்கள் பாலில் இருப்பது உங்கள் வீட்டுக் கிருமிகளுக்கென்றே தயாரான மருந்து. எந்த டப்பாவிலும் இதை அடைக்க முடியாது.

இதோடு லாக்டோஃபெரின் என்ற புரதம் இருக்கிறது. கிருமிகள் வளர இரும்புச்சத்து வேண்டும். இது அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுகிறது. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிய பாலில் இது கூடுகிறதே தவிர குறைவதில்லை. உயிருள்ள வெள்ளை அணுக்களும் இருக்கின்றன.

அப்புறம், குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு வகைச் சர்க்கரை. தாய்ப்பாலில் இந்த வகையில் 150-க்கும் மேற்பட்டவற்றைக் கண்டறிந்திருக்கிறார்கள். பாலில் இருக்கும் திடப்பொருளில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, கொழுப்பு இரண்டுக்கும் அடுத்த இடம் இதற்குத்தான். குழந்தைக்குச் செரிக்காத ஒன்றை உடம்பு எதற்கு இவ்வளவு தயாரிக்க வேண்டும்? அது குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியா என்ற நல்ல நுண்ணுயிர்களுக்கான சாப்பாடு. அவை பெருகினால் கெட்ட கிருமிகளுக்கு இடமிருக்காது. சில கிருமிகள் குடற்சுவர் என்று ஏமாந்து இந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளியேறிவிடுவதும் உண்டு.

அப்படியானால் ஏன் சளி பிடித்தது?

சளியை உண்டாக்கும் வைரஸ்கள் ஏராளம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் சளி வரும், வருடத்தில் பல முறைகூட வரலாம். தாய்ப்பாலின் பலனை நாம் பார்ப்பது வேறிடத்தில். கடுமையான வயிற்றுப்போக்கு, நிமோனியா, காதுத் தொற்று ஆகியவை இந்தக் குழந்தைகளுக்குக் குறைவாக வருகின்றன. வந்தாலும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போவது குறைவு. உலகம் முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பதைப் பரவலாக்கினால் வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் உயிரைக் காக்கலாம் என்று 2016-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொடர் மதிப்பிட்டது. உங்கள் குழந்தைக்கு வந்தது மூக்கடைப்போடும் இருமலோடும் நின்றுவிட்டது என்றால், உங்கள் பால் தோற்றுவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மாமியாரின் பயம் இயல்பானது. ஆனால் கணக்கு வேறு மாதிரி. உங்களுக்குக் காய்ச்சல் தெரிய ஆரம்பிப்பதற்கு முன்பே வைரஸ் உங்கள் மூச்சிலும் கையிலும் இருந்திருக்கும். குழந்தைக்கு அது அப்போதே போயிருக்கலாம். சளி பரவுவது தும்மல், இருமல், கை வழியாகத்தான், பால் வழியாக இல்லை. பாலை நிறுத்தியதால் கிருமி போகும் வழி அடைபடவில்லை. அதை எதிர்க்க உங்கள் உடம்பு தயாரித்த ஐஜிஏதான் அந்த இரண்டு நாள் குழந்தைக்குக் கிடைக்காமல் போனது. இதைச் சொல்வது உங்களைக் குற்றம் சொல்வதற்காக இல்லை. குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தீர்கள். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பால் கொடுங்கள்.

மருந்து விஷயம். அமாக்சிசிலின் போல வழக்கமாகத் தரும் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளும், பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் ஆகியவையும் பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளக் கூடியவை. குழந்தைக்கு மலம் கொஞ்சம் இளகலாம், அவ்வளவுதான். தவிர்க்க வேண்டியவை வேறு. கோடீன் கலந்த இருமல் மருந்து குழந்தையின் மூச்சைப் பாதிக்கக்கூடும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் பால் சுரப்பைக் குறைத்துவிடும். மருத்துவரிடம் “பால் கொடுக்கிறேன்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

பாலை நிறுத்தியே ஆக வேண்டிய நிலைகள் மிகச் சில. குழந்தைக்குப் பிறவியிலேயே, பாலில் இருக்கும் சர்க்கரையை உடம்பால் பயன்படுத்த முடியாத காலக்டோசீமியா என்ற நோய் இருப்பது, தாய் புற்றுநோய்க்குக் கீமோ மருந்தோ கதிரியக்க அயோடினோ எடுப்பது போன்றவை. எச்ஐவி இருந்தால் மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். சாதாரணக் காய்ச்சலும் சளியும் இந்தப் பட்டியலில் வராது.

இரண்டு நாள் இடைவெளியில் பால் குறைந்தது போலத் தோன்றினால் பதற வேண்டாம். இரண்டு மூன்று நாள், இரவிலும் சேர்த்து, கேட்கும்போதெல்லாம் மார்பில் போடுங்கள். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும்.

பாட்டிலில் தெரிந்த நீலம்

பீய்ச்சிய பாலை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு விரல் பருமனுக்கோ அதற்குக் குறைவாகவோ மஞ்சள் கலந்த ஆடை மிதக்கும். கீழே மெல்லிய நீலம் பாய்ந்த பால் நிற்கும். மெதுவாகச் சுழற்றினால் இரண்டும் கலந்து ஒரே பாலாகிவிடும். மார்பு நிறைந்திருக்கும்போது முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, அதனால் நீலமாகத் தெரியும். காலியாக ஆக, கொழுப்பு கூடி வெண்மை ஏறும். எதிர்ப்புப் புரதங்களைக் கண்ணால் பார்க்கவே முடியாது, பாலின் கெட்டியை வைத்து அவற்றை அளக்கவும் முடியாது. உங்கள் குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் பாட்டிலை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

எதிர்ப்பு சக்தி டப்பா

சில பவுடர்களில் நான் மேலே சொன்ன சர்க்கரைகளில் ஒன்றோ சிலவோ தொழிற்சாலையில் தயாரித்துச் சேர்க்கப்படுகின்றன. அதை வைத்துத்தான் டப்பாவில் அப்படி எழுதுகிறார்கள். உங்கள் பாலில் அவை 150-க்கு மேல். உயிருள்ள அணுக்களும், உங்கள் வீட்டுக் கிருமிக்கென்று தயாரான ஐஜிஏவும் எந்தப் பவுடரிலும் இல்லை. பவுடரை நான் விஷம் என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு நாள் உங்கள் குழந்தையின் பசியை ஆற்றியது அதுதான். தேவைப்படும் குழந்தைகளுக்கு அது நல்ல உணவு. ஆனால் எதிர்ப்பு சக்தி வேண்டும் என்பதற்காகத் தாய்ப்பாலை விட்டுவிட்டு அதற்கு மாறினால், கையில் இருப்பதைத் தொலைத்துவிட்டுத் தேடுவது மாதிரி ஆகிவிடும்.

தடுப்பூசி: உங்கள் கணவருக்கு

இந்தப் பகுதியை அவரிடம் காட்டுங்கள். ஐயா, தாய்ப்பாலைப் பற்றி இவ்வளவு உயர்வாகச் சொன்ன நான்தான் இதையும் சொல்கிறேன். தாய்ப்பால் தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. நஞ்சுக்கொடி வழியாக வந்த ஐஜிஜி கரைந்துகொண்டிருக்கும் வயது இது. கக்குவான் இருமல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் மிக மோசமாகத் தாக்கும், மூச்சே நின்றுபோகும் அளவுக்கு. அதைத் தடுக்கும் பலம் பாலுக்கு இல்லை. குழந்தை தன் இரத்தத்தில் தானே எதிர்ப்புப் புரதம் தயாரிக்கவும், அந்தக் கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளவும் தடுப்பூசி கற்றுக்கொடுக்கிறது. பால் அந்த வேலையைச் செய்யாது. பல நாடுகளில் 6 வாரத்திலேயே முதல் தவணை தொடங்குவது இந்த ஓட்டையை அடைக்கத்தான். அதோடு, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிராக வாயில் விடும் சொட்டு மருந்துக்குச் சில அட்டவணைகளில் வயது வரம்பு இருக்கிறது. தள்ளிக்கொண்டே போனால் அது கைநழுவிவிடலாம்.

லேசான சளி இருப்பது தடுப்பூசியைத் தள்ளிப் போடக் காரணம் ஆகாது. நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும், தணிந்ததும் போட்டுக்கொள்ளலாம். தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஊசி போடும் நேரத்தில் குழந்தை மார்பில் இருந்தால் வலி குறைவாகத் தெரியும், அழுகையும் சீக்கிரம் அடங்கும்.

வேலைக்குத் திரும்பும்போது

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வேலை நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலை எடுத்துச் சேமிப்பது ஒன்று. பகலில் ஒன்றிரண்டு வேளை பவுடர், மற்ற வேளைகளில் தாய்ப்பால் என்பது இரண்டாவது. முழுதும் பவுடருக்கு மாறுவது மூன்றாவது. எதிர்ப்பு சக்தியைப் பொறுத்தவரை முதலாவது சிறந்தது. ஆனால் இரண்டாவதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். கிடைக்கிற ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் பலன் உண்டு. காலை, மாலை, இரவு மட்டும் கொடுத்து ஒன்றரை வருடம் தொடர்ந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு திட உணவோடு இரண்டு வயது வரையும் அதற்குப் பின்னும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதத்துக்குப் பின் பாலில் சத்து போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் ஏறக்குறைய 6 மாதம் தாங்கும். உறைய வைத்தால் உயிருள்ள அணுக்கள் இறந்துவிடும், ஐஜிஏ பெரும்பாலும் தப்பிக்கும். அதனால் நாளைக்குத் தேவையானதை ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். சூடாக்க, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்தால் போதும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்க வேண்டாம், எதிர்ப்புப் புரதங்கள் சிதைந்துவிடும். பால் எடுக்க அலுவலகத்தில் நேரம் கேட்கத் தயங்காதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ம் ஆண்டு மகப்பேறு உடன்படிக்கை, இந்த இடைவேளையைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று இந்த ஐந்து வாரத்தில் கேட்டு, எழுத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

இப்போது இருக்கும் சளிக்கு

மூக்கு அடைத்திருந்தால் குழந்தை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சுக்காக மார்பை விட்டு அழும். பால் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கொடுப்பதற்குச் சில நிமிடம் முன்பு மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். இருமல் சிரப், எதிர்ப்பு சக்தி டானிக் எதுவும் வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது. ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம். வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பாலில் அது குறைவு, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே காட்டுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, உதடு நீலமானாலோ, வழக்கத்தில் பாதிகூடக் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, இரவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

மாமியாரோடு இதைப் பற்றி வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. காய்ச்சல் நேரத்தில் உங்களுக்குத் தேவை தூக்கமும் தண்ணீரும். பால் குடித்து முடித்ததும் குழந்தையை அவர் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைக்கட்டும், அடுத்த வேளை வரை நீங்கள் தூங்குங்கள். தடுப்பூசி போட்டதும், சளி எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.